ஓடூ கம்யூனிட்டியை எண்டர்பிரைஸா மாத்துறது: சேலத்துக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

ஓடூன்னா பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் பாக்கற சாஃப்ட்வேர்; அதுல கம்யூனிட்டி இலவசம், எண்டர்பிரைஸ் சந்தா கட்டுறது. சொந்த சர்வர்ல ஓடூ ஓட்டுறவங்க மட்டும் கேளுங்கன்னு தான் சொல்லியிருந்தேன், வழக்கம்போல டேலிக்காரங்களும் வந்துட்டாங்க, பரவால்ல. விலை என்ன, தள்ளுபடி கிடைக்குமான்னு கேட்டவங்களுக்கு இங்க பதில் இல்ல, அதை விக்கிறவங்ககிட்ட கேளுங்க.

ஆத்தூர் ஜவ்வரிசி மில்: அண்ணா, உபுண்டுல கம்யூனிட்டி 17 ஓடுது. எண்டர்பிரைஸ் சந்தா கட்டியாச்சு. பார்ட்டி, ஸ்டாக் எல்லாம் முதல்ல இருந்து ஏத்தணுமா?

வேண்டாம் தம்பி. அதே டேட்டாபேஸ் மேல தான் எண்டர்பிரைஸ் உக்காரும். 2015ல வெர்ஷன் 9 வந்தப்போ தான் ரெண்டா பிரிச்சாங்க, அடிப்படை கம்யூனிட்டி தான், அதுக்கு மேல கூடுதலா கொஞ்சம் மாட்யூல், அவ்வளவு தான். உங்ககிட்ட 17 இருந்தா எண்டர்பிரைஸும் 17 தான் இறக்கணும், அதைவிட புதுசா 18 இருக்கேன்னு அதை இறக்கிட்டு வந்து நிக்காதீங்க. எடிஷன் மாத்துறது ஒரு வேலை, வெர்ஷன் ஏத்துறது வேற வேலை. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணி எது உடைஞ்சதுன்னு தெரியாம முழிக்கறவங்க தான் எனக்கு ராத்திரி போன் பண்றாங்க.

வேலை இப்படி: முதல்ல பேக்கப். சர்வரை நிறுத்திட்டு எண்டர்பிரைஸ் டெப் ஃபைலை (உபுண்டுக்கான இன்ஸ்டாலர்) அதே மெஷின்ல போடுங்க. அப்புறம் கமாண்ட் லைன்ல உங்க டேட்டாபேஸ் பேரைக் கொடுத்து வெப் எண்டர்பிரைஸ் மாட்யூலை இன்ஸ்டால் பண்ணிட்டு நிக்கச் சொல்லுங்க, முடிஞ்சதும் சர்வரை ஸ்டார்ட் பண்ணி லாகின் ஆனா சந்தா கோடு கேக்கும், போட்டா முடிஞ்சது. இன்ஸ்டாலர் இல்லாம சோர்ஸ் கோடுல இருந்து ஓட்டுறவங்க ஆட்ஆன்ஸ் பாத்ல (மாட்யூல் ஃபோல்டர்களோட பட்டியல்) எண்டர்பிரைஸ் ஃபோல்டரை மத்ததுக்கெல்லாம் முன்னாடி எழுதணும், பின்னாடி எழுதினா திரை பழைய மாதிரியே தான் நிக்கும்.

பேக்கப்னா போஸ்ட்கிரெஸ் (ஓடூவோட டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) டம்ப் மட்டும் இல்லைங்க. நீங்க ஏத்தின பில் ஸ்கேன், போட்டோ எல்லாம் ஃபைல்ஸ்டோர்னு தனி ஃபோல்டர்ல கிடக்கு. டம்பை மட்டும் எடுத்து வெச்சா நம்பர் இருக்கும், காகிதம் இருக்காது.

சூரமங்கலம்: விண்டோஸ்ல இருக்கு சார், அன்இன்ஸ்டால் பண்ணா டேட்டா போயிடுமா?

போகாது, கம்யூனிட்டியை அன்இன்ஸ்டால் பண்ணும்போது போஸ்ட்கிரெஸை மட்டும் கழட்டாம விட்டுடுங்க. அதே ஃபோல்டரைக் காட்டி எண்டர்பிரைஸை போடுங்க, மிச்சம் மேல சொன்னது தான். ஃபைல்ஸ்டோர்!

ஏற்காடு, காபி எஸ்டேட் ஆபீஸ்: இங்க மழைக்காலத்துல நெட் போனா ரெண்டு நாள் வராது. எண்டர்பிரைஸ் எப்பவும் நெட்டைக் கேக்குமா?

கேக்காது. சந்தா கோடு போடும்போது வேணும், அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை ஓடூவோட சர்வருக்கு தகவல் அனுப்பும். அதனால ஃபயர்வால்ல வெளிய போற வழியை மொத்தமா அடைச்சு வைக்காதீங்க, வைஃபை போட வந்தவர் அடைச்சுட்டுப் போயிட்டார்னா தேடிப்பிடிச்சு திறங்க. டெஸ்ட் பண்ண ஒரு காப்பி போடுறதா இருந்தா, ரீஸ்டோர் பண்ணும்போது "நகர்த்தினதா, காப்பி எடுத்ததா"ன்னு கேக்கும், காப்பின்னே சொல்லுங்க. இல்லைன்னா ரெண்டுக்கும் ஒரே ஐடி இருந்து சந்தா குழம்பும். 16ல இருந்து நியூட்ரலைஸ்னு ஒரு டிக் இருக்கு, அதையும் போடுங்க, இல்லைன்னா டெஸ்ட் காப்பி நிஜ கஸ்டமருக்கு பாக்கி கட்டுங்கன்னு மெயில் அனுப்பும்.

செவ்வாய்பேட்டை கொலுசு பட்டறை: எங்ககிட்ட எட்டு பேர் எண்ட்ரி போடுறாங்க. ஆளுக்கு ஆள் காசு கட்ட முடியாதுங்க. ஒரே லாகின் வெச்சுக்கிட்டா என்ன?

என்னவா? பட்டறைல கட்டி வெள்ளியை எடை போட்டு கொடுக்கறீங்க, கொலுசா திரும்பி வருது, சேதாரம் கழிச்சுப் பாத்தா 12 கிராம் இடிக்குது. யார் எண்ட்ரின்னு திறந்து பாத்தா எல்லாத்துலயும் "அட்மின்". யாரைக் கேப்பீங்க?

கணக்குப்பிள்ளை ஒருத்தர்: அதோட 2023 ஏப்ரல் 1ல இருந்து ஆடிட் ட்ரெயில் (எண்ட்ரில என்ன மாறுச்சு, எப்போ மாறுச்சுன்னு சாஃப்ட்வேரே பதியறது) கட்டாயம், ஒரே லாகின் சட்டப்படி தப்பு.

கொலுசு பட்டறை: அது கம்பெனிக்கு சார். எங்களது ப்ரொப்ரைட்டர்ஷிப்.

பட்டறைக்காரர் சொல்றது சரி, அந்த ரூல் கம்பெனிச் சட்டத்துல பதிவான கம்பெனிங்களுக்குத் தான். ஆனா சட்டம் கேக்கலைன்னா வெள்ளியும் கேக்காதா?

கணக்குப்பிள்ளை: போர்ட்டல் யூசர் இலவசம் தானே, எட்டு பேருக்கும் அதைக் கொடுக்கட்டும்.

போர்ட்டல்ல தன்னோட ஆர்டர், பில் பாக்கலாம், ஸ்டாக் எண்ட்ரி போட முடியாது. இதுக்கு நேர்மையான வழி ஒண்ணு இருக்கு. எண்டர்பிரைஸ் 17ல ஷாப் ஃப்ளோர்னு ஒரு ஸ்க்ரீன் வந்துச்சு, பட்டறைல ஒரு டேப்லெட், ஒரு யூசர், வேலை பாக்கறவங்க ஆளாளுக்கு பின் நம்பர் போட்டு அவங்க வேலையைத் திறந்துக்கலாம். எம்ப்ளாயின்னு பதிவு இருந்தா போதும், யூசரா இருக்க வேண்டியதில்ல.

கொலுசு பட்டறை: அப்ப நான் சொன்ன ஒரே லாகின் தானே இது!

இல்லைங்க, இதுல எந்தக் கை தொட்டுச்சுன்னு பதியுது. நீங்க சொன்னதுல பதியல. ஆபீஸ்ல பில் போடுறவங்க, பர்ச்சேஸ் பாக்கறவங்களுக்கு தனி யூசர் எடுத்துடுங்க. வாங்கின எண்ணிக்கைக்கு மேல யூசர் திறந்தா எச்சரிக்கை வரும், 30 நாள் டைம், அதுக்குள்ள சந்தாவைக் கூட்டணும் இல்ல யூசரைக் குறைக்கணும், இல்லைன்னா பூட்டிக்கும்.

கொலுசு பட்டறை: இன்னொண்ணு, எடை ரெண்டு டெசிமல்ல நிக்குது. எண்டர்பிரைஸ் போட்டா மூணு வருமா?

இதுக்கு காசே கட்ட வேணாம். டெவலப்பர் மோடு போட்டு டெசிமல் அக்யூரசில அளவுக்கு 3 வைங்க, உங்க வெர்ஷன்ல கிராம் யூனிட்டுக்கு தனியா ரவுண்டிங் இருந்தா அதுக்கு 0.001. கம்யூனிட்டியிலயே நடக்கும்.

ஓமலூர்: வெர்ஷன் 14 கம்யூனிட்டி, நேரா எண்டர்பிரைஸ் 18 போகலாமா?

மேல ஆத்தூருக்கு என்ன சொன்னேன்? சந்தா வாங்கிட்டா அவங்க அப்கிரேட் சர்வீஸுக்கு டேட்டாபேஸை அனுப்பி புது வெர்ஷன்ல டெஸ்ட் காப்பி வாங்கிப் பாக்கலாம், நீங்களா எழுதின மாட்யூலை நீங்க தான் மாத்தணும். சந்தா வேண்டாம்னா ஓசிஏவோட (ஓடூவுக்கு இலவச மாட்யூல் எழுதுற சங்கம்) ஓப்பன்அப்கிரேட், ஒவ்வொரு வெர்ஷனா ஏறணும்.

எடப்பாடி: 15ல இருந்து 17 எண்டர்பிரைஸுக்கு ஒரே தாவா?

ஓமலூருக்கு சொன்னதைப் படிங்க.

கொண்டலாம்பட்டி: ஓசிஏவோட வெப் ரெஸ்பான்சிவ் மாட்யூல் (மொபைலுக்குத் தகுந்த மாதிரி திரையை மாத்துறது) போட்டிருக்கோம், இருக்கட்டுமா?

கழட்டிடுங்க, முன்னாடியே. அதுவும் வெப் எண்டர்பிரைஸும் ஒண்ணா இருக்காது. வெளிய வாங்கின அக்கவுண்டிங் மாட்யூல் இருந்தா காப்பில வெச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க, மாட்யூலைக் கழட்டினா அதுல இருக்கற டேட்டாவும் அதோட போகும். எண்டர்பிரைஸ்ல இருந்து திரும்பி கம்யூனிட்டிக்கு வர்றவங்களுக்கும் இதே கதி தான்.

பேர் வேணாம்னு சொன்னவர்: ஒரு ஃப்ரெண்டு பென்டிரைவ்ல எண்டர்பிரைஸ் ஃபோல்டர் தந்தான்...

அடுத்த கேள்வி.

டேலிக்காரர்: டேலி சில்வர்ல இருந்து கோல்டு?

சில்வர் ஒருத்தருக்கு, கோல்டு பல பேருக்கு. மிச்சத்தை உங்க டேலி பார்ட்னர்கிட்ட கேளுங்க.

தாரமங்கலம்: எந்த நாள்ல பண்றது?

10, 11 வேண்டாம், ஜிஎஸ்டிஆர்-1. 19, 20 வேண்டாம், ஜிஎஸ்டிஆர்-3பி. 21க்கு அப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிங்க, சனிக்கிழமை சாயங்காலமே எல்லாரையும் எண்ட்ரி நிறுத்தச் சொல்லிடுங்க, திங்கக்கிழமை கடை திறக்கறதுக்குள்ள ஒரு பில், ஒரு ரிட்டர்ன், ஒரு ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் போட்டுப் பாருங்க. மூணுல ஒண்ணு இடிச்சாலும் பேக்கப்புக்கு திரும்பிட்டு அடுத்த மாசம் பாத்துக்கலாம்.