நிசான் பற்றோலை மணற்பாதைக்குத் தயார்செய்யும்போது எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?

பழைய நிசான் பற்றோல் வை61 ஜீப் ஒன்றை வாங்கியிருக்கும் தாங்கள், வடமராட்சி கிழக்கு மணற்பாதைகளுக்காக அதை 4 அங்குலம் உயர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். முன்னும் பின்னும் திட அச்சும் சுருள்வில்லும் உள்ள வண்டி என்பதால் உயர்த்துவது எளிதுதான். ஆனால் அவ்வளவு உயர்த்தினால் முன் அச்சின் சாய்கோணம் (சில்லுகளைத் தானாக நேராக்க உதவும் பின்சாய்வு) குறைந்து, ஏ-9 வீதியில் வேகமாகச் செல்லும்போது ஸ்ரேறிங் நிலைகொள்ளாமல் அலையும். 2 அங்குலம் தாராளமாகப் போதும்.

மணலில் கைகொடுப்பது உயரத்தைவிட ரயரின் காற்றுத்தான். மணல் இளகத் தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி, 35 பிஎஸ்ஐ காற்றை 18 அளவுக்கு இறக்கினால், ரயர் நிலத்தில் படியும் பரப்பு நீண்டு, மணலைத் தோண்டிப் புதையாமல் அதன்மேல் ஏறிச் செல்லும். தார் வீதிக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றேற்ற ஒரு சிறிய கொம்பிறசர் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது எடை. 60 லீற்றர் தண்ணீரே 60 கிலோ. அதைக் கூரையில் கட்டாமல், பின் இருக்கையை ஒட்டித் தாழ்வாக வையுங்கள். கூரைப் பாரம் சரிவில் வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும்.

சுண்டிக்குளத்துப் பக்கம் உவர்நீரோ ஈரமணலோ பட்டால், அன்றைக்கே சேஸியின் உட்குழிவுகள்வரை நன்னீர் பாய்ச்சிக் கழுவுங்கள். இதை நம்மவர் பலர் தள்ளிப்போடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது, ஏனெனில் உப்புத் துரு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும்.