சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்

கேள்வி: ஆற்காட்டில் மக்கன் பேடா கடை வைத்திருக்கிறோம். எங்கள் வலைத்தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரையில் வட்டம்தான் சுற்றுகிறது, ஆட்கள் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். வேகமான சர்வர் வாங்கலாமா? - ஒரு வாசகி, ஆற்காடு.

பதில்: சர்வரை அப்புறம் பார்க்கலாம் அம்மா. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று என் போனில் உங்கள் தளத்தைத் திறந்தேன். முதல் பேடா படமே 5 எம்பி, கேமராவில் எடுத்தபடியே ஏற்றியிருக்கிறீர்கள். போன் திரைக்கு 1000 பிக்சல் அகலம் தாராளம், அந்த அளவுக்குச் சுருக்கி வெப்பி (WebP, படக் கோப்பைச் சிறிதாக்கும் வகை) வடிவில் போட்டால் 100, 150 கேபிக்குள் அடங்கிவிடும், பேடா மேலிருக்கும் ஜீராவின் பளபளப்புகூடக் குறையாது.

அடுத்தது அந்த வட்டம். டைம் கீப்பர் "பத்து நிமிஷத்தில் வண்டி" என்று சொன்னால் உட்கார்ந்திருப்போம், ஒன்றும் சொல்லாவிட்டால் ஷேர் ஆட்டோவைத் தேடுவோம் இல்லையா, அதேதான் இங்கேயும். ஒரு நொடி வரை ஆளின் யோசனை அறுபடாது, 10 நொடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்று மென்பொருள் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதினார். அதனால் கடைப் பெயர், விலை, போன் நம்பர் ஆகிய எழுத்துகள் முதலில் வரட்டும், படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் தெரியட்டும்.

ஒன்று எனக்கு நிஜமாகவே கோபம் வரவைத்தது. ஆர்டர் பட்டனைத் தொடப்போகும் நேரத்தில் மேலே படம் வந்து இறங்க, பட்டன் கீழே நழுவி, விரல் வேறெதிலோ பட்டுவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் தளத்தின் நிரல் கோடில் (code) எழுதிவிடும்படி தளம் செய்தவரிடம் சொல்லுங்கள், படம் வருமுன்பே அதற்கான இடம் ஒதுங்கிவிடும், பட்டன் நழுவாது. அரை மணி நேர வேலைதான்.