பென்சில்வேனியாவில் ஆயில் ஹீட்டிங் உள்ள வீட்டுக்குத் துணையாக, குறைந்த செலவில் எந்த நிலக்கரி ஃபர்னஸ் வாங்கலாம்?

கேள்வியின் சுருக்கம்: ஹேஸல்டன் பக்கம் 1,800 சதுர அடியில் பழைய இரண்டு மாடி வீடு. பேஸ்மென்ட்டில் ஆயில் ஃபர்னஸ், குழாய்வழி சூடான காற்று. ஒரு குளிர்காலத்துக்குச் சுமார் 700 கேலன் எண்ணெய் செலவாகிறது. மரமும் கரியும் எரிக்கும் பெரிய ஃபர்னஸ் ஒன்று பழையதாக, மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? கரண்ட் போனாலும் வீடு சூடாக இருக்க வேண்டும்.

அந்தப் பெரிய ஃபர்னஸ் வேண்டாம். ஷேக்கர் கிரேட் (சாம்பலை உதிர்க்க ஆட்டக்கூடிய கம்பித் தட்டு) உள்ள, கதவு இறுக்கமாக மூடும், சிறிய கை அடுப்பு (கையால் கரி போடுவது) ஒன்றை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தைப் புகைபோக்கியில் போடுங்கள்.

ஏன் சிறியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கேலன் எண்ணெயில் சுமார் 1,38,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம். ஃபர்னஸின் திறன் 83 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வருவது 1,15,000. உங்கள் 700 கேலன் கொடுப்பது 8 கோடி பி.டி.யு. கடுங்குளிர் 150 நாள் என்று வைத்துக்கொண்டால் மணிக்குச் சராசரி 22,000 சொச்சம்தான். ஆந்த்ரசைட் எனும் கடின நிலக்கரி ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 12,500 பி.டி.யு. அடுப்பின் திறனை 70 சதவீதமாக எடுத்தால், ஒரு நாளைக்கு 40 பவுண்டு மூட்டை ஒன்று எரித்தாலே மணிக்கு 14,500 கிடைத்துவிடும். தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே தீர்ந்தது. துணைக்கு வைக்கும் அடுப்பு அதற்கு மேல் செய்ய வேண்டியதில்லை. 150 நாளுக்கு 6,000 பவுண்டு, அதாவது 3 டன் (இங்கே ஒரு டன் 2,000 பவுண்டு).

லட்சத்துக்கு மேல் பி.டி.யு. போட்ட ஃபர்னஸை மணிக்குப் பதினைந்தாயிரத்தில் ஓட்டப் பார்த்தால் என்ன ஆகும்? அகலமான கிரேட்டின் மூலைகளில் கரி அணையும், நடுவில் மட்டும் எரியும். காற்றைக் குறைக்கக் குறைக்கப் புகைபோக்கி குளிர்ந்து, புகையை மேலே இழுக்கும் விசை (இழுப்பு) விழும். தீ அணைந்தால்கூடப் பரவாயில்லை. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பினால் உயிருக்கே ஆபத்து. அதனால், பெட்டியில் எழுதியிருக்கும் அதிகபட்ச பி.டி.யு.வைப் பார்த்து வாங்காதீர்கள். எவ்வளவு குறைவாக எரித்தாலும் அணையாமல் நிற்குமா என்று பாருங்கள்.

கரியின் விலை கட்டுப்படியாகுமா என்பதற்குச் சுலபமான வழி: ஒரு டன் விலையை 150-ஆல் வகுங்கள். வரும் எண் உங்கள் எண்ணெயின் கேலன் விலையைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால்தான் இந்தச் சாம்பல் வேலைக்கு அர்த்தம் உண்டு. இயற்கை எரிவாயு இணைப்பு இருப்பவர்கள் 180-ஆல் வகுத்து ஒரு தெர்ம் (ஒரு லட்சம் பி.டி.யு.) எரிவாயுவின் விலையுடன் ஒப்பிட வேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு நான் கரி வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர் ஆந்த்ரசைட் சுரங்கப் பகுதியிலேயே இருக்கிறது; லாரி வாடகை குறைவு. கரி அடுப்பு கணக்குக்கு ஒத்துவருவதற்கு அதுவே பாதிக் காரணம்.

இப்போது அடுப்பின் உள்ளே. ஆந்த்ரசைட் நம்மூர் அடுப்புக்கரி போல மேலே ஊதினால் பற்றிக்கொள்ளாது. காற்று அடியிலிருந்து, கரிப் படுகையின் ஊடாகத்தான் ஏற வேண்டும். 1808 பிப்ரவரி 11 அன்று வில்க்ஸ்-பேரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கம்பித் தட்டில் இதை எரித்துக் காட்டினார். துருத்தி இல்லாமல், தானாக ஏறும் காற்றிலேயே வீட்டில் எரிக்கலாம் என்று இந்தப் பகுதி மக்கள் நம்பியது அதன் பிறகுதான். இன்றைய அடுப்புக்கும் அதே விதிதான். கிரேட்டின் ஓரங்களிலோ பக்கச் சுவர்களிலோ காற்றுக்குக் குறுக்கு வழி கிடைத்தால், அது கரிக்குள் போகாமல் அந்த வழியே நழுவிவிடும். மரம் எரிக்க வடிவமைத்து, கரிக்கும் ஆகும் என்று விற்கும் தகட்டு ஃபர்னஸ்களில் பெரும்பாலும் இதுதான் குறை: கிரேட் ஒப்புக்கு இருக்கும், கரி எரியும் அறையின் ஆழம் போதாது, கதவில் கசிவு.

கை அடுப்பா, ஸ்டோக்கரா? ஸ்டோக்கர் என்பது அரிசி அளவுக் கரியை (ரைஸ், 3/16 முதல் 5/16 அங்குலம்) மோட்டார் தள்ளி, விசிறி ஊதி எரிக்கும் இயந்திரம். தெர்மோஸ்டாட்டுக்குக் கட்டுப்படும், வெப்பம் சீராக இருக்கும், மிதமான நாட்களிலும் அணையாது. உடல் உழைப்பு குறைவு. ஷூல்கில் ஹேவனின் கீஸ்டோக்கர், பெர்விக்கின் லீஷர் லைன் இரண்டும் பென்சில்வேனியாவிலேயே பிறந்த பெயர்கள் என்பதால் உங்கள் பக்கம் பழையது கிடைக்கும், பாகமும் கிடைக்கும். ஆனால் கரண்ட் போனால் நின்றுவிடும். நீங்கள் கேட்பது கரண்ட் இல்லாத நேரத்துக்கும் சேர்த்து என்பதால் கை அடுப்பையே சொல்கிறேன். அதற்கு நட் அளவுக் கரி (13/16 முதல் 1 5/8 அங்குலம்). இண்டியானாவில் பெர்ன் ஊரின் ஹிட்ஸர், ஹாலிஃபாக்ஸின் ஹார்மன் மார்க் வரிசை, கார்டன்வில் பக்கத்து டிஎஸ் மெஷின் ஆகியவற்றில் சிறிய மாடல்களைத் தேடுங்கள். மேலே கரித்தொட்டி வைத்த மாடல்களில் கரி தானாக இறங்கும், மின்சாரம் வேண்டாம்.

பழைய அடுப்பைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு டாலர் நோட்டு, ஒரு சிறு சுத்தி போதும். கிரேட் கம்பிகள் வளைந்திருக்கின்றனவா, கைப்பிடியை ஆட்டினால் முழுக் கிரேட்டும் சேர்ந்து அசைகிறதா என்று முதலில் பாருங்கள். வளைந்திருந்தால் முந்தைய சொந்தக்காரர் சாம்பல் கதவைத் திறந்து போட்டு அளவுக்கு மீறி எரித்திருக்கிறார் என்று பொருள். அடுத்தது பின்சுவர், சாம்பல் அறையின் தரை. கரிச் சாம்பலில் இருக்கும் கந்தகம் கோடை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, இரும்பைத் தின்னும் இடங்கள் அவை. சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும், அரித்த தகடு பொத்தென்னும். டார்ச்சை உள்ளே வைத்துக் கதவை மூடி, இருட்டில் வெளியே இருந்து பாருங்கள். ஒட்டுப் பிளவில் வெளிச்சம் கசிந்தால் விட்டுவிடுங்கள். டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வந்தால் காஸ்கெட் (கதவு ஓரத்து அடைப்பு) மாற்ற வேண்டும். அது சின்னச் செலவு. ஃபயர் பிரிக் (உள்ளே பதித்த, சூடு தாங்கும் செங்கல்) உடைந்திருப்பதும் பெரிய விஷயமில்லை. ஆனால் கிரேட் உடைந்து, கம்பெனியும் மூடியிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புகைபோக்கிதான் இந்த வேலையின் உண்மையான செலவு. ஆயில் ஃபர்னஸ் இணைந்திருக்கும் அதே துவாரத்தில் (புகை ஏறும் வழி) கரி அடுப்பை இணைக்கக் கூடாது. தனித் துவாரம் வேண்டும். செங்கல் புகைபோக்கிக்குள் எத்தனை துவாரம் இருக்கிறது, களிமண் லைனர் (துவாரத்தின் உள்சுவர்க் குழாய்) முழுதாக இருக்கிறதா என்று புகைபோக்கி ஆளை அழைத்துக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அடுப்புக்கு அட்வான்ஸ் கொடுங்கள். ஒரே துவாரம்தான் என்றால் புதிதாகத் துருப்பிடிக்காத எஃகுப் புகைபோக்கி போடும் செலவு, பழைய அடுப்பின் விலையைத் தாண்டிவிடும். அப்போது மொத்தக் கணக்கையே மறுபடி போட வேண்டும். உயரம்: கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி அதிகம். அடுப்பிலிருந்து போகும் குழாய் 24 கேஜ் கனத்தில் கறுப்பு இரும்பு, ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று ஸ்க்ரூ, கிடைமட்டமாகப் போகும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் ஏற்றம். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மர உத்தரத்துக்கும் 18 அங்குல இடைவெளி. அடுப்புக்கான இடைவெளி அதன் பின்னால் உள்ள தகட்டில் எழுதியிருக்கும். தகடு இல்லாத அடுப்பு என்றால் 36 அங்குலம்.

அந்தக் குழாயில் பாரோமெட்ரிக் டாம்பர் ஒன்று அவசியம். குளிர்ந்த, காற்றடிக்கும் இரவில் இழுப்பு ஏறும்போது அது தானே திறந்து அறைக்காற்றை உள்ளே விட்டு, தீ வெறிபிடிக்காமல் காக்கும். கை அடுப்புகளுக்கு இழுப்பு பொதுவாக 0.04 முதல் 0.06 அங்குல நீர் அழுத்தம் இருக்கக் கேட்பார்கள். கையேட்டில் பார்த்து, மனோமீட்டர் (அழுத்த அளவி) வைத்து அமையுங்கள். அளவி இல்லாமல் கண்ணால் அமைத்த டாம்பரை நம்பாதீர்கள். அளவெடுக்கும் துளை அடுப்புக்கும் டாம்பருக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

தீ மூட்டுவது: காய்ந்த சுள்ளி, அதன் மேல் வைரம் பாய்ந்த விறகு. நல்ல தணல் படுகை வந்ததும் ஒன்றிரண்டு அங்குலக் கனத்தில் கரி. படபடவென்று வெடித்து நீல ஜுவாலை எட்டிப் பார்த்ததும் அடுத்த அடுக்கு. இப்படியே ஃபயர் பிரிக்கின் மேல் விளிம்பு வரை நிரப்புங்கள். படுகை ஆழமாக இருந்தால்தான் கரி கனிந்து நிற்கும். நாலு அங்குலத்தோடு கஞ்சத்தனம் செய்தால் அணையும். இந்த நேரத்தில் மட்டும் சாம்பல் கதவைச் சற்றுத் திறக்கலாம், பக்கத்திலேயே நின்றுகொண்டு. முழுப் படுகை பற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலையில் மூட்டி இரவில் அணைக்கலாம் என்ற யோசனை கரிக்கு ஒத்துவராது என்பதற்குக் காரணமும் இதுவே: மூட்டினால் வாரக்கணக்கில் எரிய வேண்டும்.

அதன் பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வேலை. தீ மங்கியிருந்தால் முதலில் பத்து நிமிடம் காற்றைக் கூட்டிவிட்டு, பிறகு கிரேட்டைச் சிறு சிறு அசைவுகளாக ஆட்டுங்கள். சாம்பல் தட்டில் சிவந்த கங்கு விழத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மேலிருந்து கம்பியால் கிளறவே கூடாது. கிளறினால் சாம்பல் கங்கோடு கலந்து உருகிக் கிளிங்கர் கட்டியாகும், கிரேட் அடைபடும். புதுக் கரி போடும்போது முழுத் தீயையும் மூடிவிடாதீர்கள். ஒரு மூலையில் சிவந்த கங்கு தெரிய வேண்டும். அதில்தான் புதுக் கரி விடும் வாயு உடனுக்குடன் பற்றும். மூடிவிட்டால் வாயு சேர்ந்து, திடீரென்று பற்றி, கதவையும் குழாயையும் உலுக்கிவிடும். குழாய் கழன்றால் நேராக மோனாக்சைடுதான்.

ஆந்த்ரசைட் எரியும்போது கண்ணுக்குத் தெரிகிற புகை கிடையாது. புகை அலாரம் வாய்திறக்காது. ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளின் வெளியிலும் பேட்டரியுள்ள மோனாக்சைடு அலாரம் வையுங்கள். அலாரம் அடிக்க வழக்கமான காரணங்கள் இரண்டு. குழாயின் கிடைமட்டப் பகுதியில் மெல்லிய சாம்பல் சேர்ந்து பாதி அடைத்திருக்கும். குளிர்காலத்தின் நடுவில் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். அல்லது வெளியே 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறி இழுப்பு செத்திருக்கும். அக்டோபரில் அவசரப்பட்டு மூட்டாதீர்கள்.

பேஸ்மென்ட்டில் வைப்பதானால் ஒன்று கவனியுங்கள். துணி உலர்த்தியும் ஆயில் பர்னரும் குளியலறை விசிறியும் அதே காற்றைத்தான் இழுக்கின்றன. ஜன்னல்களை அடைத்த வீட்டில் புகைபோக்கி தலைகீழாக இழுக்கத் தொடங்கும். வெளிக்காற்று வர ஒரு வழி விடுங்கள். பேஸ்மென்ட்டுக்கு மேலே, தரைத்தளக் கூடத்தில் வைப்பதானால் வேறு சிக்கல்: அடுப்பு தெர்மோஸ்டாட்டைச் சூடாக்கிவிடும், ஆயில் ஃபர்னஸ் இயங்காது, தூரத்துக் குளியலறையின் தண்ணீர்க் குழாய் உறையும். தெர்மோஸ்டாட்டை இடம் மாற்றுங்கள், அல்லது மிகக் குளிர்ந்த இரவுகளில் ஃபர்னஸைக் கொஞ்ச நேரம் வலிய ஓட்டுங்கள். அடுப்பின் வெப்பத்தை ஆயில் ஃபர்னஸின் காற்றுக் குழாயோடு நேரடியாக இணைப்பதை ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஏசி காயில் வழியாகச் சூடான காற்றை அனுப்பி அதைக் கெடுத்தவர்கள் உண்டு, கரண்ட் போனால் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும் ஆபத்தும் உண்டு.

சேமிப்புக்கு 4 அடி நீள அகல உயரப் பெட்டியில் சுமார் ஒன்றரை டன் கொள்ளும். சாம்பல் கரி எடையில் பத்து சதவீதம்போல வரும். மூடியுள்ள இரும்பு வாளியில், மர டெக்கில் வைக்காமல், வெளியே தரையில் வைத்து ஓரிரு நாள் ஆறவிட்டுக் கொட்டுங்கள்.

ஏப்ரலில் தீயை அணைத்ததும் அந்த வாரமே குழாயைக் கழற்றி, சாம்பலை உறிஞ்சி எடுத்து, அடுப்பின் உட்புறத்தைச் சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய எண்ணெய் தெளித்து, புகைபோக்கி வாயை அடைத்துவிடுங்கள். அக்டோபரில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் கோடை ஈரம் அதற்குள் குழாயைச் சல்லடையாக்கிவிடும். வாங்கும் முன் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் டவுன்ஷிப் அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டு, பெர்மிட் என்ன, சோதனைச் சான்று இல்லாத பழைய அடுப்பை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.