சிறுநீரில் குறையில்லை, முகம் மட்டும் வீங்குகிறது

கேள்வி: நான்கு வயது மகனுக்கு வாந்தி, சாப்பிட மனமில்லை, முகமும் காலும் வீக்கம். சிறுநீரில் புரதம் போகவில்லையாம். பேராதனை ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்து மெனட்ரியர் நோய் என்றார்கள். போனில் தேடினால் புற்றுநோய் வரும் என்று இருக்கிறது. நான் மூன்று மாதக் கர்ப்பிணி, எனக்கும் தொற்றுமா?
- ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய்

முதலில் அந்தப் போனைத் தள்ளி வையுங்கள். நீங்கள் படித்தது பெரியவர்களுக்கு வருவதைப் பற்றி. அவர்களுக்குத்தான் அது வருடக்கணக்கில் இழுக்கும், புற்றுநோய் பயமும் உண்டு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சிப்போனால் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும்.

இந்த நோயில் இரைப்பையின் உள்மடிப்புகள் தடித்து, இரத்தத்திலிருக்கும் அல்புமின் என்ற புரதம் அதன் வழியே வயிற்றுக்குள் கசிகிறது. அல்புமின் குறைந்தால் இரத்தக் குழாய்க்குள் நீர் தங்காது, அதனால்தான் காலையில் எழும்பும்போது கண்ணிமை உப்பியிருக்கிறது. தோட்டப் பக்கம் வீங்கிய பிள்ளையைக் கண்டால் சத்துக் குறைவு என்று திரிபோஷா சத்துமாவும் பூச்சி மருந்தும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவதுண்டு. சிறுநீரும் ஈரலும் சரியாக இருந்தும் அல்புமின் விழுகிறதே என்று வயிற்றைச் சந்தேகித்த டொக்டர் கெட்டிக்காரர்தான்.

பிள்ளைகளில் இதற்குக் காரணமாக அதிகமாக அகப்படுவது சைட்டோமெகலோ வைரஸ், சிலரில் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியா, சிலரில் ஒன்றுமே அகப்படாது. கமரா விட்டபோது எடுத்த சதைத் துண்டில் இரண்டையும் தேடினார்களா என்று கேளுங்கள். பைலோரி என்றால் அதற்கு அன்டிபயோட்டிக் உண்டு. வைரஸ் என்றால், மற்றபடி ஆரோக்கியமான பிள்ளைக்கு வைரஸ் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. முட்டை, மீன், பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள், வீக்கம் கூடினால் ஆஸ்பத்திரியில் அல்புமின் ஏற்றுவார்கள்.

சரி, உங்கள் விஷயம். நோய் தொற்றாது, ஆனால் மகனுக்கு இருப்பது அந்த சைட்டோமெகலோ வைரஸ் என்றால் அது தொற்றும். பெரியவர்களில் பலருக்கு அது ஏற்கெனவே வந்து போயிருக்கும், ஆனால் கர்ப்ப காலத்தில் முதல் தடவையாக வந்தால் வயிற்றுப் பிள்ளையின் காது கேட்கும் திறனைக்கூடப் பாதிக்கலாம். அது எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் வெளியேறும். ஆகவே மகன் மிச்சம் வைத்த சோற்றை வீணாகிறதே என்று நீங்கள் சாப்பிட வேண்டாம், அவனுடைய கரண்டியும் வேண்டாம், முத்தம் நெற்றியில் போதும். அவனைக் கழுவிவிட்டதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். உங்கள் கிளினிக்கில் டொக்டரிடமும் மிட்வைஃப் மிஸ்ஸிடமும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மகனுக்கு மூச்சு வாங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.