கழலாத டீசல் ஃபில்டருக்குப் புது ஹெட் வாங்கலாமா?

கேள்வி: ஜெகதாப்பட்டினத்தில் ஒரு விசைப்படகு வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் இன்ஜின் வேலை பார்க்கலாம் என்று இறங்கினால், டீசல் ஃபில்டர் கழலவே மாட்டேன் என்கிறது. இன்ஜினுக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் கை நுழைவதே பாடு. கடையில் சொன்னார்கள் என்று செயின் ஸ்பேனர் வாங்கினேன். பிடியைத் திருப்ப இடமில்லை. டப்பா நசுங்கியதுதான் மிச்சம். “ஹெட்டோட சேர்த்து மாத்திடுங்க” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நசுங்கியது எப்படியும் குப்பைக்குப் போகிற டப்பா. அதைத் தாங்கும் ஹெட் விரிசல் விட்டிருந்தால், அல்லது மரை தேய்ந்திருந்தால்தான் புதிதுக்குச் செலவு செய்ய வேண்டும். டப்பாவைக் கழற்றாமல் அது கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

முதலில் ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். எந்தப் பக்கம் திருகினீர்கள்? ஃபில்டர் தலைகீழாகத் தொங்குகிறது. கீழே படுத்து அதன் அடியைப் பார்த்தால் இடப்பக்கம் சுற்றினால் கழலும். நீங்கள் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கை விட்டிருந்தால், அதே சுற்று உங்கள் கண்ணுக்கு வலப்பக்கமாகத் தெரியும். இருட்டில், வியர்வையில், பழகிய மெக்கானிக்கே இதில் ஏமாந்து இன்னும் இறுக்கிவிடுவதுண்டு. டப்பாவின் மேல் மார்க்கரால் அம்புக்குறி போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது கருவி. செயினும் பெல்ட்டும் டப்பாவைச் சுற்றிப் பிடிப்பவை. பிடி அரைவட்டமாவது சுழல இடம் வேண்டும், அது உங்களிடம் இல்லை. உங்களுக்குத் தேவை கப் ஸ்பேனர். டப்பாவின் அடியில் தொப்பி மாதிரி உட்காரும். ராட்செட்டும் எக்ஸ்டென்ஷன் கம்பியும் மாட்டினால் கீழ்ப்பக்கம் ஒரு சாண் இடம் போதும். இதில் அளவுதான் எல்லாம். டப்பாவின் விட்டமும் விளிம்பில் உள்ள பட்டைகளின் எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் கப் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் புது ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கேயே மாட்டிப் பார்த்து, ஆடாமல் பிடித்தால் வாங்குங்கள். அடியில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் உள்ள ஃபில்டர் என்றால், கிண்ணத்தைக் கழற்றிய பிறகும் கப் உட்காருமா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? அங்கேயே மல்லுக்கட்டாதீர்கள். பல இன்ஜின்களில் ஹெட் இரண்டு மூன்று போல்ட்டில்தான் நிற்கிறது. டேங்க் வால்வை மூடி, டியூப்களைக் கழற்றி, முனைகளைச் சுத்தமான துணியால் அடைத்து, ஹெட்டையும் டப்பாவையும் ஒன்றாக வெளியே எடுத்து வந்துவிடுங்கள். கரையில் வைஸில் பிடித்துத் திருகினால் ஐந்து நிமிட வேலை. ஹெட்டை மட்டும் அலுமினியத் தகடோ மரக்கட்டையோ வைத்துப் பிடியுங்கள், நேராக நெருக்கினால் வார்ப்பு விட்டுவிடும். திருப்பி மாட்டும்போது, டியூபை ஹெட்டோடு இணைக்கும் துளையுள்ள போல்ட்டான பேஞ்சோ போல்ட்டில், டியூப் முனையின் இரு பக்கமும் புது காப்பர் வாஷர் போடுங்கள். சில ரூபாய்ச் சாமான்தான். பழசையே போட்டால் இன்ஜின் ஏர் இழுத்து நடுக்கடலில் நிற்கும்.

டப்பாவில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திச் சுற்றுவது பலரும் செய்யும் வேலை. மெல்லிய தகரம், பெரும்பாலும் கிழிந்து பட்டை பட்டையாகத் தொங்கும். டீசல் முழுவதும் அடித்தட்டில். கேஸ் டார்ச்சால் சூடாக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை அன்போடு கரைக்கு அனுப்பிவிடுங்கள். நம் ஊர் டீசல் தீப்பற்றும் ஆவியை விடும் வெப்பநிலைக்குத் தர விதி வைத்திருக்கும் கீழ் எல்லை 35 டிகிரிதான். மே மாதத்தில் இன்ஜின் ரூம் அதைவிடச் சூடு. கழற்றும்போது டப்பாவைக் கெட்டியான பாலிதீன் பைக்குள் விட்டு, பையோடு சேர்த்துத் திருகினால் சிந்துவது பைக்குள்ளேயே நிற்கும்.

கழன்றதும் விரலால் ஹெட்டின் முகத்தைத் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதன் மேல் புதிதையும் மாட்டினால் இரட்டை ரப்பரில் கசிவு நிச்சயம். புது வளையத்தில் கொஞ்சம் டீசல் தடவி, ரப்பர் தொட்டதும் கையால் அரையிலிருந்து முக்கால் சுற்று. நிறுவனம் டப்பாவிலேயே அச்சிட்டிருந்தால் அதன்படி. ஸ்பேனர் வேண்டாம். போன முறை யாரோ ஸ்பேனர் போட்டு இறுக்கியதும், உலர்ந்த ரப்பரோடு மாட்டியதும், உப்புக்காற்றுமாகச் சேர்ந்துதான் இன்று உங்களைப் படுத்துகின்றன. கடைசியாக, கை பம்பை அடித்து, காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அதில் குமிழி நிற்கும்வரை டீசலை விட்டு மூடுங்கள்.

கேள்வி: அதே கடையில் போன வருடம் ‘ஒரிஜினல்’ என்று வாங்கிய ஃபில்டர் இரண்டே வாரத்தில் டப்பாவின் தகர மூட்டில் கசிந்தது. படகு தொழிலுக்கானது, நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறார்களே?

பதில்: அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்காக வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகச் சொந்தப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரைச் சேர்த்துக்கொள்கிறது. துணைக்கு ஓரிருவரை வைத்திருப்பதால் இந்த உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லியிருக்கிறது. ஒரே படகு, நீங்களும் கடலுக்குப் போகிறீர்கள் என்றால் உங்கள் வாதம் நிற்கும். நான்கைந்து படகை ஆள் வைத்து ஓட்டினால் எனக்கு நம்பிக்கையில்லை.

ஒரு ஃபில்டர் விலைக்கு வழக்கு வரை போவானேன் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், கட்டணமில்லை. வழக்கே போட்டாலும் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எதற்கும் பில் வேண்டும். துண்டுச் சீட்டில் ‘பில்டர் 1’ என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து, பார்ட் நம்பரோடு எழுதி வாங்குங்கள். கசிந்த டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடவில்லையே?