சேப்பாக்கம் அரண்மனை இப்போது எங்கே இருக்கிறது? அங்கே என்ன நடக்கிறது?

மெரினா எதிரே, எழிலகம் அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் தினமும் போகிறவர்கள்கூடக் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் கட்டப்பட்டது. கலச மகால், ஹுமாயூன் மகால் என இரண்டு பகுதிகள். நவாப் கடனில் மூழ்க, 1801-ல் நவாப்களின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அப்புறம் பட்டம் மட்டும்தான் மிஞ்சியது. 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் அந்தப் பட்டத்தையும் ஒழித்தார்கள். அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசே எடுத்துக்கொண்டது. இரண்டு மகால்களுக்கும் நடுவே நிற்கும் கோபுரம் நவாப் காலத்தது அல்ல, சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் பின்னால் சேர்த்தது. வருவாய் வாரியமும் பல அரசு அலுவலகங்களும் இங்கே இயங்கின.

2012 ஜனவரியில் கலச மகாலில் பெரும் தீ. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். சரி, இடித்துவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தோம். இடிக்கவில்லை. பொதுப்பணித் துறை பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து கொண்டே சீரமைத்தது. இன்று அங்கே சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது.