வேப்பமரத்தடியில் நிற்கும் கார்: விற்கலாமா, மாற்றலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதுரை திருநகரில் தனியாக இருக்கிறேன். என் கணவர் 2014-ல் வாங்கிய ஸ்விஃப்ட் பெட்ரோல் கார், அவர் தவறியதிலிருந்து இரண்டு வருடமாக வேப்பமரத்தடியில் கவர் போட்டு நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. இன்ஷூரன்ஸும் முடிந்துவிட்டது. ஓட வைக்க மெக்கானிக் நாற்பதாயிரம் கேட்கிறார். போன வருடம் இரண்டு லட்சம் சொன்ன புரோக்கர் இப்போது ஒன்று நாற்பதுக்குத்தான் கேட்கிறார். கோவையில் இருக்கும் மகனோ, “இதை எக்ஸ்சேஞ்ச் போட்டு, மேலே ஆறரை லட்சம் கொடுத்துப் புதுசு எடுப்போம், டிரைவர் வைத்துக்கொள்ளலாம்” என்கிறான். பணம் என் சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும். மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரி, எப்போதாவது உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயில், கல்யாணம் காட்சி. என் பயணம் இவ்வளவுதான். என்ன செய்யட்டும்?

பதில்: விற்றுவிடுங்கள், அம்மா. புதுசும் வேண்டாம். ஆனால் நாளைக்கே புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

மகன் சொல்லும் ஆறரை லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டிக்கு வருடம் 53,300 ரூபாய் வரும். மாதக் கணக்கில் ஏறத்தாழ 4,440. நீங்கள் சொன்ன பயணங்களுக்கு ஆட்டோவும் வாடகைக் காரும் வைத்தாலே இதில் மிச்சம் இருக்கும், முதலும் அப்படியே நிற்கும். புதுக் கார் என்றால் இந்த வட்டி போவதோடு, டிரைவர் சம்பளமும் இன்ஷூரன்ஸும் சர்வீஸும் கையிலிருந்து. மகனுக்கு மனசு கேட்கவில்லை என்றால் மாதாமாதம் ஆட்டோ செலவுக்கு அனுப்பட்டும்!

மெக்கானிக்கிடம் நாற்பதாயிரம் கொட்ட வேண்டாம். அந்தச் செலவு விற்கும் விலையில் அப்படியே திரும்பாது. புது பேட்டரி, டேங்கில் நல்ல பெட்ரோல், எலி ஏதாவது வயரைக் கடித்திருந்தால் அதைச் சரிசெய்வது, பிறகு ஒரு வாட்டர் வாஷ், இவை போதும். டயர் மாற்றுவது, காரை வாங்குகிறவர் பாடு.

போன வருட விலைக்காகவும் காத்திருக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புதுசு இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். புரோக்கர் அடித்துக் கேட்கிறார் என்பது உண்மைதான், ஆனால் முழுக்க அவர் தப்பும் இல்லை. இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள்.

இப்போது சாவி விஷயம். ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், இன்னும் உங்கள் கணவர் பெயரில்தானே இருக்கிறது? உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். தாமதமானாலும் பரவாயில்லை, இப்போது செய்யுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மகனின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டியிருக்கும். கார் கடன் கட்டி முடித்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வங்கியிடம் தடையில்லாச் சான்றும், அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-ம் வாங்கிக்கொள்ளுங்கள்.

“அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம், கையெழுத்து மட்டும் போடுங்க” என்று புரோக்கர் சொல்வார். போடாதீர்கள். வண்டி கைமாறி, பெயர் மாறாமல் விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வண்டியும் பல கை மாறிய வண்டிதான். அதனால்தான் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் போடாமல், “சும்மா ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கிறேன்” என்பவரிடமும் சாவி கொடுக்க வேண்டாம் என்கிறேன். உங்கள் கார் அளவுக்குப் பிரீமியம் 3,416 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி.

ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியதும், அதை வாங்குபவர் பெயருக்கு மாற்றுவதற்கான படிவம் 29, 30-ல் அவர் விவரத்தை முழுதாக எழுதிக் கையெழுத்திடுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். சொந்தக் காரை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது.

அப்புறம் ஒன்று. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாகை மூடிவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் கப்பலூர் டோல்கேட்டை யாரோ தாண்டுவார், பணம் உங்கள் கணவர் கணக்கிலிருந்து போகும்.